பெரியவர்களை உட்கார வைப்பது யார்?

"எங்க அம்மாவுக்கும் இப்படித்தான். அறுபது தாண்டினதும் முட்டி போயிடுச்சு. எங்க வம்சத்துக்கே கால் வீக்கு." இது ஒரு தீர்ப்பு. "உடம்புல ஒண்ணும் இல்ல, எல்லாம் மனசுதான். வைராக்கியம் இருந்தா நடந்துடலாம். எங்க தாத்தா தொண்ணூறு வயசுலயும் கம்மாய்க்கரை வரைக்கும் நடந்து போயிட்டு வந்தாரு." இது இன்னொன்று. ஒரே வீட்டில், ஒரே பெரியம்மாவைப் பற்றி, ஒரே வாய் இந்த இரண்டையும் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராதே என்பது சொல்பவருக்கு உறைப்பதில்லை. உறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டும் கடைசியில் போய் நிற்கும் இடம் ஒன்றுதான். வம்சம் என்றால் யாராலும் செய்வதற்கு ஒன்றுமில்லை. வைராக்கியம் என்றால் செய்ய வேண்டியவர் அந்தப் பெரியம்மா மட்டும்தான். எப்படிப் பார்த்தாலும் நமக்கு வேலை இல்லை.

இந்த இரண்டுக்கும் இப்போது விஞ்ஞானப் பூச்சு வேறு ஏறிவிட்டது. எச்சிலைக் குப்பியில் பிடித்து அனுப்பினால் உங்கள் மூட்டின் தலையெழுத்தைச் சொல்கிறோம் என்று விளம்பரம் வருகிறது. மறுபக்கம், முதுமை என்பது மனதில்தான் இருக்கிறது என்று சூரியோதயப் படத்தோடு தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்பி வைக்கிறார். படித்தவர்களே இதைத்தான் நம்புகிறார்கள்: நடை என்பது பாதி பிறவி, பாதி மனத்திடம்.

நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. முதுமையில் நடை தளர்வதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஊர் நினைப்பதைவிட அது சிறியது. மனத்துக்கும் பங்கு உண்டு. அது ஊர் நினைப்பதைவிடப் பெரியது. ஆனால் அந்த மனம் தடுமாறி நடக்கும் பெரியவருடையது மட்டும் அல்ல. அவர் பெற்ற பிள்ளைகளுடையது, மருமகளுடையது, எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கும் டாக்டருடையது.

முதலில் வம்சக் கணக்கைப் பார்த்துவிடுவோம். பிரிட்டனின் யுகே பயோபேங்க் என்ற தகவல் வங்கியில் சுமார் 4,50,000 பேரிடம், நீங்கள் மெதுவாக நடப்பவரா, சாதாரணமாகவா, வேகமாகவா என்று கேட்டு, அந்தப் பதிலை அவர்களுடைய மரபணுக்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2020-ல் வெளியானது. நடை வேகத்தோடு தொடர்புள்ள 70 இடங்கள் மரபணுத் தொகுதியில் அகப்பட்டன. தலைப்புச் செய்திக்கு அந்த 70 போதும். அடுத்த வரியைத்தான் யாரும் படிப்பதில்லை. பரவலாகக் காணப்படும் மரபணு வேறுபாடுகள் அத்தனையையும் கூட்டிப் பார்த்தாலும், ஆளுக்கு ஆள் நடையில் தெரியும் வித்தியாசத்தில் 13 சதவீதத்தைத்தான் விளக்க முடிந்தது. உடல் பருமனைக் கணக்கில் சேர்த்ததும் அது 9-க்கு இறங்கிவிட்டது. இதற்கு முன்பே, 2017-ல், வாய்ப்பேச்சை நம்பாமல் கடிகாரம் வைத்து நடையை அளந்த 31,000-க்கும் மேற்பட்ட முதியோரின் தகவல்களைத் திரட்டி அலசினார்கள். உறுதியாகச் சுட்டிக்காட்டும்படி ஒரு மரபணு இடம்கூடத் தேறவில்லை.

இவர்கள் எல்லாம் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கேயே தேறாததை வைத்துக்கொண்டு இங்கே மன்னார்குடியில் இருப்பவரின் முட்டிக்குப் பலன் சொல்வதை விஞ்ஞானம் என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை. ஜோசியக்காரராவது கட்டணத்தைக் குறைத்து வாங்குகிறார்.

இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகள் இதைவிடக் கூடுதலான எண்களைத் தருகின்றனவே என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். தருகின்றன. ஆனால் மரபுப் பங்கு 40 சதவீதம் என்று ஓர் ஆய்வு சொன்னால், உங்கள் அம்மாவின் முட்டிவலியில் நூற்றுக்கு நாற்பது பங்கு பாட்டியிடமிருந்து வந்தது என்று அதற்கு அர்த்தம் இல்லை. அது ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் வித்தியாசங்களைப் பற்றிய கணக்கு. தனி ஆளைப் பற்றியது அல்ல. ஒரே விதைநெல்லைத் தலைமடையிலும் கடைமடையிலும் போட்டால் விளைச்சலில் வரும் வித்தியாசம் தண்ணீரால் வருவது. அதற்கு விதையைக் குறை சொல்ல முடியாது. எல்லோர் வயலுக்கும் ஒரே அளவு தண்ணீர் பாயும் ஊரில்தான் விதையின் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். எல்லோருக்கும் நடைபாதையும் நல்ல வைத்தியமும் கிடைக்கும் நாட்டில் எடுத்த கணக்கை, தெருவில் இறங்கினால் சாக்கடை மூடி இல்லாத ஊருக்கு அப்படியே கொண்டுவந்து ஒட்ட முடியாது.

மூட்டுத் தேய்மானத்தில் மரபின் கை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. 1996-ல் பிரிட்டனில் இரட்டைச் சகோதரிகளை வைத்துச் செய்த ஆய்வு, கை, முழங்கால் மூட்டுத் தேய்மானத்தில் மரபின் பங்கை 39 முதல் 65 சதவீதம் வரை என்று கணக்கிட்டது. சரி. ஆனால் தேய்மானம் வேறு, நடை வேறு. அமெரிக்காவில் ஃபிராமிங்கம் என்ற ஊரில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேரின் முழங்கால்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்து 2008-ல் எழுதினார்கள். மூட்டு ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ குடைச்சலோ இறுக்கமோ எதுவுமே இல்லை. கிழிந்த ஜவ்வோடு அவர்கள் பாட்டுக்குக் கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். நம் ஊரில் என்ன நடக்கிறது? "ஜவ்வு கிழிஞ்சிருக்கும்மா, எலும்போட எலும்பு உரசுது, மாடிப்படி ஏறாதீங்க, கீழ உக்காராதீங்க." டாக்டருக்கு இது அரை நிமிடப் பேச்சு. அந்த அம்மாவுக்கு ஆயுள் முழுக்கக் காதில் ஒலிக்கிற சத்தம். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் உள்ளே எலும்பு அரைபடுவதாக நினைத்துக்கொண்டு யார்தான் நடப்பார்கள்?

மரபணு வாதத்தை அதன் சொந்த மைதானத்திலேயே வைத்துக் கேள்வி கேட்கும் ஓர் ஆய்வு உண்டு. மெம்ஃபிஸ், பிட்ஸ்பர்க் ஆகிய இரண்டு அமெரிக்க நகரங்களில், நன்றாக நடமாடிக்கொண்டிருந்த 70 முதல் 79 வயது வரையுள்ள சுமார் 3,000 பேரை நான்கு ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து 2005-ல் வெளியிட்டார்கள். ரத்த அழுத்தத்தோடு சம்பந்தப்பட்ட ஏசிஇ என்ற மரபணுவின் வகைகள் நடமாட்டத்தைப் பாதிக்கின்றனவா என்பதுதான் கேள்வி. உடம்பை அசைக்காமல் இருந்தவர்களிடம் எந்த வகை மரபணுவாக இருந்தாலும் ஒன்றுதான். எந்த வித்தியாசமும் தெரியவில்லை. சுறுசுறுப்பாக இருந்தவர்களிடையேதான் ஒரு வகையினர் மற்றவரைவிடக் கொஞ்சம் பின்தங்கினார்கள். ஆனால் எந்த வகையாக இருந்தாலும் சரி, நடந்து படியேறிப் பயிற்சி செய்தவர்கள், செய்யாதவர்களைவிட நடமாட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அதாவது, மரபணு தன் கைவரிசையைக் காட்டுவதற்கே நீங்கள் முதலில் எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது. சோபாவில் உட்கார்ந்துகொண்டு வம்சத்தைத் திட்டுபவருக்கு அந்த மரபணு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

இதைவிடச் சங்கடமான ஓர் ஆய்வும் இருக்கிறது. 2019-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் வெளியிட்டது. ஆட்களை டிரெட்மில்லில் ஓடவிட்டு அளந்தார்கள். பிறகு, உங்கள் மரபணு உடற்பயிற்சிக்கு ஒத்துவராத வகை என்று சிலரிடமும், ஒத்துவரும் வகை என்று சிலரிடமும் சொன்னார்கள். சொன்னது அவரவருடைய உண்மையான மரபணுவைப் பார்த்து அல்ல, குலுக்கிப்போட்டு. மறுபடியும் ஓடவிட்டார்கள். ஒத்துவராது என்று கேட்டவர்களின் தாக்குப்பிடிக்கும் திறன் குறைந்தது. மூச்சில் வெளியேறும் வாயுவின் அளவுகூட மாறியது. சில அளவுகளில், நிஜமான மரபணு உண்டாக்கிய வித்தியாசத்தைவிட அந்தச் சொல் உண்டாக்கிய வித்தியாசம் அதிகம். இது முதியோரை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு அல்ல. எனவே எல்லாவற்றையும் இதன் தலையில் ஏற்ற மாட்டேன். ஆனால் கோட் போட்ட ஒருவர் ஒருமுறை சொன்னதற்கே இந்தக் கதி என்றால், "நம்ம வம்சத்துக்கே கால் வீக்கு" என்று முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. தாயிடமிருந்து மகளுக்கு வருவது மரபணு மட்டுமா? அதே அடுப்படி, அதே ஈரத் தரை, எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைச் சாப்பிடும் அதே பழக்கம், பருப்பும் முட்டையும் கடைசியில் தன் தட்டுக்கு வராத அதே கணக்கு. ஐம்பது வயதுக்கு மேல் "இனிமே வெளியில என்ன வேலை" என்கிற அதே பேச்சு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண் காலையில் பேப்பர் படிக்க டீக்கடைக்காவது நடக்கிறார். அவருடைய மனைவிக்கு வெளியே போக ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அது கோயில். முட்டி வலிக்கிறது என்றதும் முதலில் நிற்பதும் அந்தக் கோயில் நடைதான். பிறகு அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே மாதிரி நடை தளர்ந்தால், பாருங்கள் ரத்தம் பேசுகிறது என்கிறோம்.

நடையைக் கெடுப்பதில் வம்சத்தைவிடக் கெட்டிக்காரர் ஒருவர் வீட்டிலேயே இருக்கிறார். அவருக்குப் பெயர் ரெஸ்ட். 1966-ல் அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்தில் ஆரோக்கியமான இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்க வைத்து ஆராய்ந்தார்கள். அதே ஐந்து பேரை முப்பது ஆண்டுகள் கழித்து, அவர்களின் ஐம்பதாவது வயதில், மறுபடி சோதித்தார்கள். அன்று மூன்று வாரப் படுக்கை அவர்களுடைய உடல் உழைப்புத் திறனைக் குறைத்த அளவுக்கு, முப்பது ஆண்டு மூப்பு குறைத்திருக்கவில்லை. 2007-ல் வெளியான மற்றோர் ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்கள் பத்தே நாள் படுத்திருந்ததில் காலில் இருந்த தசையில் ஏறக்குறைய ஒரு கிலோவை இழந்தார்கள். காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு வாரம், வீட்டுக்கு வந்ததும் "கட்டிலை விட்டு இறங்காதீங்க, எல்லாம் கைக்குக் கொண்டுவந்து தர்றோம்" என்று ஒரு மாதம். அதற்குப் பிறகு அவர் எழுந்தால் கால் நடுங்குகிறது. வயசாயிடுச்சு என்கிறோம்.

போனது திரும்புமா என்பதற்கும் பதில் இருக்கிறது. மரியா ஃபியாட்டரோனும் அவருடைய குழுவினரும் பாஸ்டனில் உள்ள முதியோர் மறுவாழ்வு இல்லம் ஒன்றில் இருந்த நூறு பேரிடம் செய்த ஆய்வு 1994-ல் வந்தது. சராசரி வயது 87. பத்து வாரம், காலுக்குப் பளுப் பயிற்சி. நடை வேகம் சுமார் 12 சதவீதம் கூடியது, படியேறும் வலு 28 சதவீதம் கூடியது. அதே ஆய்வில் சிலருக்குப் பயிற்சி இல்லாமல் சத்துபானம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அது மட்டும் கொடுத்ததில் ஒரு பலனும் இல்லை. மாதச் சம்பளம் வந்ததும் அம்மாவுக்குப் பெரிய டப்பா சத்து மாவு வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கும் பிள்ளைகள் இந்த வரியை இன்னொரு தரம் படிக்கலாம்.

இனி மனம். "மனமிருந்தால் மார்க்கமுண்டு" கட்சிக்காரர்கள் இவ்வளவு நேரம் தலையாட்டிக்கொண்டு படித்திருப்பார்கள். அவர்களோடுதான் எனக்குப் பெரிய வழக்கு.

மனம் நடையைப் பாதிக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் எப்படி? ஸ்வீடனில் உமேயோ என்ற ஊரில், முதியோர் விடுதியில் இருந்த 58 பேரோடு கூடவே நடந்து போய்ப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். 12 பேர் பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தினார்கள். அந்த 12 பேரில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் விழுந்தார்கள். 1997-ல் வெளியான சின்ன ஆய்வு. ஆனால் நடையைப் பற்றிய பெரிய விஷயம் ஒன்றை அது காட்டியது. இளமையில் நடை தானாக நடக்கிறது. நாம் அதைக் கவனிப்பதில்லை. முதுமையில் கண், காது, பாதத்தின் தொடு உணர்வு எல்லாம் மங்கும்போது நடப்பதற்கே கவனம் செலவாகிறது. அந்தக் கவனத்தில் கை வைக்கிற எதுவும் நடையில் கை வைக்கிறது. கவலை, துக்கம், தூக்க மாத்திரை, பின்னாலிருந்து "பாத்து, பாத்து" என்று வருகிற குரல். எல்லாமே.

அச்சம் இவற்றில் முதலிடம். விழுந்துவிடுவோம் என்ற பயம் வந்தவரின் நடையைப் பக்கத்திலிருந்து பாருங்கள். அடி சுருங்குகிறது. கால்கள் அகண்டு நிற்கின்றன. இரண்டு பாதமும் ஒருசேரத் தரையில் இருக்கும் நேரம் கூடுகிறது. கை வீச்சு நின்று, பக்கத்துச் சுவரைத் தேடுகிறது. தொடையின் முன்தசையும் பின்தசையும் ஒரே சமயத்தில் இறுகிக்கொள்வதால் முழங்கால் மடங்க மறுக்கிறது. பார்வை பாதத்துக்கு முன்னால் ஓரடியில் குத்திட்டு நிற்கிறது. எதிரே வரும் பூனை, மடங்கிக் கிடக்கும் கால்மிதி, பேரனின் பொம்மை எதுவும் கண்ணில் படுவதில்லை. ஜாக்கிரதை என்று நினைத்துச் செய்கிற இவ்வளவும் சேர்ந்துதான் ஆளைத் தள்ளிவிடுகிறது. அமெரிக்காவில் 65 முதல் 84 வயது வரையுள்ள 2,212 பேரைத் தொடர்ந்து பார்த்து 2002-ல் வெளியான ஆய்வு, விழுந்தவர்களுக்குப் பயம் வருகிறது என்பதோடு, விழாமலேயே பயந்தவர்கள் பிறகு அதிகம் விழுந்தார்கள் என்பதையும் கண்டது.

சரி, பயம் என்றால் அது அந்தப் பெரியவரின் மனக்கோளாறுதானே? இல்லை. சிட்னியில் 70 முதல் 90 வயது வரையுள்ள 500 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-ல் வந்தது. உடலளவில் விழும் ஆபத்து எவ்வளவு, அவர்களாக நினைத்துக்கொள்ளும் ஆபத்து எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாக அளந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு இரண்டும் ஒத்துப்போனது. பயந்தவருக்குப் பயப்படக் காரணம் இருந்தது; பயப்படாதவர் திடமாக இருந்தார். 11 சதவீதம் பேர்தான் உடம்பு நன்றாக இருந்தும் தேவையில்லாமல் பயந்தவர்கள். அவர்களிடம் மனச்சோர்வின் அடையாளங்கள் இருந்தன. 20 சதவீதம் பேர் இதற்கு நேர்மாறு: உடம்பில் ஆபத்து இருந்தும் பயப்படாமல் வெளியே நடமாடிக்கொண்டிருந்தவர்கள். அந்தத் துணிச்சல் அவர்களுக்குக் கேடு செய்யவில்லை; அவர்கள் குறைவாகவே விழுந்தார்கள். ஆக, பயப்படும் பெரியவர்களில் பெரும்பாலோர் சொல்வது உண்மை. பாதம் மரத்துப்போயிருக்கிறது என்பது உண்மை. கண்ணில் புரை என்பது உண்மை. "எல்லாம் மனசுதான்" என்று தட்டிக்கழித்தால் சர்க்கரையால் மரத்த பாதத்தையும், புதிதாகக் கூட்டிய பிரஷர் மாத்திரையால் எழுந்ததும் வருகிற கிறுகிறுப்பையும் பார்க்காமல் விடுகிறோம். முதல் கண்ணுக்குப் புரை நீக்கிக்கொண்ட எழுபது வயது தாண்டிய பெண்கள், காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக விழுந்தார்கள் என்று இங்கிலாந்தில் 2005-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அந்தப் பெண்களுக்கு வைராக்கியம் கூடவில்லை, தரை தெரிந்தது.

வாட்ஸ்அப் தத்துவக்காரர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஆய்வுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1996-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில், முதுமையை நினைவூட்டும் சொற்களைப் படித்த இளம் மாணவர்கள் நடைக்கூடத்தில் மெதுவாக நடந்தார்கள் என்று ஒரு பரிசோதனை புகழ்பெற்றது. 2012-ல் பிரஸ்ஸல்ஸில் அதையே தானியங்கிக் கருவி வைத்து அளந்தபோது அந்த விளைவு வரவில்லை. மெதுவாக நடப்பார்கள் என்று பரிசோதகர்களே எதிர்பார்த்திருந்தபோது மட்டும் வந்தது. மனத்தின் மகிமையை நிரூபிக்கப் போய், பக்கத்தில் நிற்பவரின் எதிர்பார்ப்பு என்ன செய்யும் என்பதைத்தான் காட்டினார்கள். என் வழக்குக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

பெக்கா லெவி என்ற அமெரிக்க உளவியலாளர் வேறு வழியில் போனார். முதுமையைப் பற்றி நல்லவிதமாக நினைக்கும் முதியவர்கள், கடும் ஊனத்திலிருந்து முழுமையாக மீளும் வாய்ப்பு மற்றவர்களைவிட 44 சதவீதம் அதிகம் என்று அவருடைய குழு 2012-ல் எழுதியது. நல்லவிதமாக நினைப்பதால் மீள்கிறார்களா, மீளக்கூடிய நிலையில் இருப்பதால் நல்லவிதமாக நினைக்கிறார்களா என்று சந்தேகிக்கலாம், சந்தேகிக்க வேண்டும். ஆனால் அந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது? எண்பது வயதில் யாரும் உட்கார்ந்து யோசித்து முதுமையைப் பற்றி ஒரு கொள்கை வகுத்துக்கொள்வதில்லை. "வயசான காலத்துல உங்களுக்கு எதுக்கு இந்த வேலை", "அத்தை, நீங்க பேசாம உக்காருங்க, நான் பாத்துக்கிறேன்", "விழுந்து வெச்சா நாங்கதானே பாக்கணும்". இதைக் கேட்டுக் கேட்டு ஊறியதுதான் அந்த நினைப்பு. சினிமாவில் தாத்தா என்றால் இருமல். சீரியலில் பாட்டி என்றால் ஊஞ்சல்.

பெரியவரை நாற்காலியிலிருந்து எழுப்புவதையே பாருங்கள். மகள் அக்குளில் கை கொடுத்து மேலே இழுக்கிறாள். பாசம்தான். ஆனால் எழுவதற்கு உடம்பு முதலில் முன்னால் குனிய வேண்டும்: இருக்கையின் நுனிக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரல்களைத் தாண்டும்வரை சாய்ந்தால்தான் எடை பாதத்துக்கு வரும், அதன் பிறகு தொடை தானாக வேலை செய்யும். மேலே இழுக்கும் கை அந்தச் சாய்வைத் தடுத்து, எடையைப் பின்னாலேயே நிறுத்துகிறது. அம்மா பின்னால் விழப்பார்க்கிறார். மகள் பதறி இன்னும் பலமாக இழுக்கிறாள். இருவருக்கும் ஒரே முடிவு: இனி தனியாக எழ முடியாது. தொடைத்தசைக்கு அன்றாடம் கிடைத்துவந்த ஒரே பயிற்சியும் அன்றோடு போயிற்று.

"விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சா நீங்களா வந்து பாப்பீங்க?" இந்தக் கேள்வி நியாயமானது. இடுப்பு எலும்பு முறிவு வயதானவர்களின் உயிரையே வாங்கக்கூடியது. வீட்டில் ஒருவர் வேலையை விட வேண்டியிருக்கும். கேலி செய்ய மாட்டேன். ஆனால் உட்கார வைப்பது பாதுகாப்பு என்ற முதல் அடியே தப்பு. 2019-ல் காக்ரேன் அமைப்பு 108 பரிசோதனைகளை, 23,000-க்கும் மேற்பட்ட முதியோரை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. உடற்பயிற்சி விழுதல்களை 23 சதவீதம் குறைத்தது. அதில் வேலை செய்தவை சமநிலைப் பயிற்சியும், உட்கார்ந்து எழுவது, படியேறுவது போன்ற அன்றாட அசைவுகளின் பயிற்சியும்தான். வெறுமனே வாக்கிங் போவதால் விழுவது குறைகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. "தினம் அரை மணி நேரம் நடங்க" என்று எழுதிக்கொடுத்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடும் டாக்டர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எழுந்து நிற்கவே நடுங்குபவரிடம் நடங்க என்பது வைத்தியம் ஆகாது.

நடமாட்டத்தைக் காப்பாற்ற முடியுமா என்பதை நேராகவே சோதித்தது அமெரிக்காவின் லைஃப் ஆய்வு. 70 முதல் 89 வயது வரையுள்ள 1,635 பேர். எல்லோரும் உட்கார்ந்தே பழகியவர்கள், ஏற்கெனவே நடை தளரத் தொடங்கியவர்கள். பாதிப் பேருக்கு நடை, கால் வலு, சமநிலை சேர்ந்த பயிற்சி; மீதிப் பேருக்கு ஆரோக்கியம் பற்றிய வகுப்புகள். சராசரியாக 2.6 ஆண்டுகள் கழித்து, 400 மீட்டர் தூரத்தை நடக்க முடியாமல் போனவர்கள் வகுப்புக் கூட்டத்தில் 35.5 சதவீதம், பயிற்சிக் கூட்டத்தில் 30.1. வித்தியாசம் அற்புதம் ஒன்றும் இல்லை. பயிற்சி பெற்றவர்களிலும் பத்துக்கு மூன்று பேர் நடையை இழந்தார்கள். கடும் காயம் தரும் விழுதல்களும் அந்த ஆய்வில் மொத்தத்தில் குறையவில்லை. இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அற்புதம் விற்பவர்கள் மறைக்கட்டும். ஆனால் பயன் கூடுதலாகத் தெரிந்தது யாரிடம் தெரியுமா? தொடக்கத்திலேயே மிகவும் தளர்ந்திருந்தவர்களிடம். "இனிமே இவருக்கு என்ன பண்ணி என்ன" என்று வீடு கைவிடுகிற அதே ஆட்களிடம்.

அறிவுரை மட்டும் கேட்ட கூட்டம்தான் தோற்றது என்பதையும் கவனியுங்கள். வைராக்கியத்தை ஊட்டினால் போதும் என்றால் வகுப்புகளே போதுமாக இருந்திருக்கும். ஜெயித்த கூட்டத்துக்குக் கிடைத்தது என்ன? வாரம் இருமுறை போக ஓர் இடம், அங்கே பெயர் தெரிந்த ஒரு பயிற்சியாளர், வரவில்லை என்றால் விசாரிக்க ஓர் ஆள்.

இங்கே அது யாருக்கு இருக்கிறது? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார், நல்ல காரியம். அவர் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன பிறகு அந்தப் பயிற்சியை வீட்டில் யார் கூட நின்று செய்ய வைக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் டிக்கெட் கிடையாது. அதுவும் நல்ல காரியம். ஆனால் அந்தப் பேருந்தின் முதல் படி எவ்வளவு உயரம்? டிக்கெட்டைத் தள்ளுபடி செய்த அரசு படியைத் தாழ்த்தவில்லை. சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் 2024-ல் மறுபடி ஓடத் தொடங்கியதற்கே மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை போராட வேண்டியிருந்தது. பேருந்து நிலையக் கழிப்பறையை நினைத்துக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் பயணம் கிளம்புகிற பாட்டிகள், பிறகு பயணமே வேண்டாம் என்று நின்றுவிடுகிறார்கள். அதற்கு எந்த மரபணுவிலும் இடம் தேட வேண்டியதில்லை.

மாநகராட்சிப் பூங்காக்களில் இளைஞர்கள் தொங்குவதற்குக் கம்பி நட்டிருக்கிறார்கள். இடுப்பு உயரத்தில், ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று பழக ஒரு கம்பி கேட்டால், அதற்கு யாரிடம் மனு எழுத வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. சமுதாய நலக்கூடங்கள் முகூர்த்தம் இல்லாத நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன. வாரம் இரண்டு காலை அவற்றைத் திறந்து, முதுகு நேராக உள்ள இருபது நாற்காலிகளைப் போட்டு, ஒரு பிசியோதெரபிஸ்டை உட்கார வைத்தால் போதும். வார்டு கவுன்சிலர் நினைத்தால் அடுத்த மாதமே ஆகக்கூடிய காரியம் இது.